அரைகுறை யந்திரம்

1963-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நிதி மந்திரியாக இருந்த ரெஜினால்ட் மாட்லிங் என்பவர், தமது வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பிக்கையில், வீட்டில் சொந்த உபயோகத்துக்காகப் பீர் காய்ச்சுகிற குடித்தனக்காரர்கள் இனிமேல் சர்க்காரிடம் லைசென்ஸ் வாங்க வேண்டியதில்லை என்று பெரிய மனதுடன் அறிவித்தார். 1880-இல் கிளாட்ஸ்டன் துரை மால்ட்டின் மேல் இருந்த வரியை எடுத்துவிட்டுப் பீரின் மேல் போட்டபோது கூடவே வந்து சேர்ந்த லைசென்ஸ் அது. எண்பது வருஷத்துக்கு மேல் ஜனங்களின் அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்த அந்தச் சட்டம் எழுந்து போனதில் யாருக்கும் விசனம் ஏற்பட்டிருக்காது. ஆனால், அந்த ஒரு கையெழுத்தின் பலனாக, பிற்காலத்தில் லீட்ஸ் நகரத்திலே, தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பிழைக்க வந்த ஒரு கிருஹஸ்தன், பிளாஸ்டிக் வாளியின் மேல் ஓர் இரும்பு யந்திரத்தை ஏற்றி வைத்துக்கொண்டு, அதன் இரண்டு உருளைகளுக்கும் நடுவே உள்ள சந்து ஒரு மில்லிமீட்டரா அல்லது அதற்கு ஒரு மயிரிழை கூடவா என்ற விசாரத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தையும் பறிகொடுப்பான் என்று அந்த மந்திரி எதிர்பார்த்திருக்க நியாயமில்லை.

பீர் காய்ச்சுவதில் மற்றப் படிகளெல்லாம் நம் சமையலுக்கு அந்நியமானவை அல்ல. பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தினால் மால்ட். அந்தச் சிரமத்தை வேறு ஆட்கள் பட்டு மூட்டையாகக் கட்டித் தந்துவிடுகிறார்கள். அதை உடைத்து, 65 முதல் 68 டிகிரி வரை சூடுள்ள தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் மூடிவைத்தால், முளைவிட்டபோது உள்ளே உண்டான என்ஸைம்கள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கிவிடுகின்றன. அந்தத் தித்திப்பு நீரை வடித்து, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆற்றி, ஈஸ்ட்டைக் கலந்துவிட்டால், அப்புறம் மனிதனுக்கு வேலை இல்லை. பொறுமை இருந்தால் போதும். எந்த ஹாப்ஸ், எந்த ஈஸ்ட் என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு என்றாலும், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துத்தான் பேசுகிறார்கள். மால்ட்டை உடைக்கிற மில் என்ற பேச்சை மட்டும் எடுத்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்து யானைக்கு எந்த நாமம் சாத்துவது என்ற வழக்கு எத்தனை தலைமுறை நடந்ததோ, அத்தனை ஆவேசம் இந்த வழக்கிலும் உண்டு. யானை இல்லாத குறை ஒன்றுதான்.

இதற்கெல்லாம் காரணம், இந்த மில் செய்ய வேண்டிய காரியம் அவ்வளவு விபரீதமானது. அரைவை மில்லில் க்யூ நின்று, மாவை இரண்டு விரலால் நெருடிப் பார்த்து, “இன்னொரு ஓட்டு ஓட்டுங்க” என்று சொல்லி வளர்ந்த வம்சம் நம்முடையது. நைஸாக அரைப்பதே மில்லுக்கு லட்சணம் என்பதில் நமக்கு இதுவரை சந்தேகமே வந்ததில்லை. பீர்க்காரனுடைய மில்லோ, நைஸாக அரைத்தால் குற்றவாளி. தானியத்தின் உமி கூடியவரை கிழியாமல் இருக்க வேண்டும். உள்ளே இருக்கும் பருப்பு மட்டும் ஒன்றிரண்டாக உடைந்து நொய்யாக வேண்டும். மாவு கொஞ்சம் விழலாம், அதிகம் விழக் கூடாது. ஸ்காட்லாந்து விஸ்கி வடிசாலைகளில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நூற்றுக்கு 20 பங்கு உமி, 70 பங்கு நொய், 10 பங்கு மாவு. உமிக்கு ஏன் இத்தனை ராஜோபசாரம் என்றால், தித்திப்பு நீரை வடிக்கும்போது அந்த உமிதான் அடியில் மெத்தைபோலப் படிந்து வடிகட்டியாக நின்று வேலை செய்கிறது. அதைத் தூளாக்கிவிட்டால் வடிகட்டியும் இல்லை, போதாததற்குத் துவர்ப்பும் ஏறும். சரி, ஜாக்கிரதையாக இருப்போம் என்று சந்தைப் பெரிதாக வைத்துவிட்டால், பாதித் தானியம் முழுசாகவே கீழே விழுந்து, உள்ளே இருக்கும் சர்க்கரையை யாருக்கும் கொடாத லோபியாக அப்படியே குப்பைக்குப் போய்ச் சேரும். ஆகவே, பாதியில் நிறுத்தத் தெரிந்த யந்திரம் ஒன்று வேண்டும். அதற்கு முழு விலை கொடுக்கவும் வேண்டும்.

மில் வாங்குவது என்று தீர்மானமான மாத்திரத்தில், கேளாமலே ஆலோசனை சொல்ல இருவர் வந்து சேர்ந்தார்கள். ஒருவன் என் மைத்துனன். மான்செஸ்டரில் கம்ப்யூட்டர் உத்தியோகம். ஒரு கத்தரிக்காய் வாங்குவதானாலும் பத்துக் கத்தரிக்காய்களை அட்டவணை போட்டு ஒப்பிட்ட பிறகே வாங்கக் கூடியவன். மற்றவர் பக்கத்து வீட்டுக் கிழவனார். இரும்புப் பட்டறையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்ற யார்க்‌ஷயர்க்காரர். அவருக்கு அட்டவணையில் நம்பிக்கை கிடையாது. எதையும் கையில் தூக்கிப் பார்ப்பார். கனத்தால் நல்லது, கனக்காவிட்டால் கெட்டது என்பதோடு அவருடைய பரிசோதனை முடிந்துவிடும்.

“கடையிலேயே உடைச்சுத் தர்றான் அத்தான். நீங்க ஏன் மில்லுக்குச் செலவு பண்றீங்க?” என்று மைத்துனன் முதலில் நியாயமாகத்தான் ஆரம்பித்தான். உடைத்த மால்ட் ஈரத்தை உறிஞ்சி நாளாவட்டத்தில் நமுத்துப் போகும் என்பதையும், உடைக்காததை உலர்ந்த இடத்தில் வைத்தால் வருஷக் கணக்கில் கெடாது என்பதையும், மூட்டையாக வாங்கினால் மலிவு என்பதையும் நான் எடுத்துச் சொன்னேன். அந்த மலிவில் மில்லின் விலையை மீட்க எத்தனை லிட்டர் பீர் குடித்தாக வேண்டும் என்று அவன் உடனே கணக்குப் போட்டுக் காட்டினான். ஆரோக்கியத்தை முன்னிட்டு அந்தத் தொகையை இங்கே வெளியிடாமல் விடுகிறேன்.

மிக்ஸியை நான் நினைத்துப் பார்த்ததுண்டு. மிக்ஸியின் சொந்தக்காரி நினைக்க விடவில்லை. அடுத்தபடியாக, கொலம்பியா தேசத்தில் மக்காச்சோளம் அரைக்க ஏற்பட்ட கொரோனா என்னும் கைமில். பெயருக்கு அது பொறுப்பல்ல. பல் வைத்த இரண்டு இரும்புத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசும். விலை மிகச் சகாயம். எத்தனையோ ஏழைப் பீர்க்காரர்கள் அதை வைத்துக்கொண்டே நல்ல பீர் காய்ச்சியிருக்கிறார்கள். ஆனால் அரைக்கப் பிறந்த யந்திரத்தை உடைக்கச் சொன்னால் அதற்கும் மனக்கஷ்டம் இருக்குமல்லவா? தட்டுகளைச் சற்று நெருக்கினால் உமியை நார் நாராகக் கிழித்துத் தள்ளும். கடைசியில் உருளை மில்தான் என்று முடிவாயிற்று. அதிலும் இரண்டு உருளையா, மூன்று உருளையா என்பதில் மைத்துனன் ஒரு பக்கமும் கிழவனார் ஒரு பக்கமும் நின்று, என் செலவில் ஒரு சாயங்காலம் முழுவதும் சம்வாதம் நடத்தினார்கள்.

கிழவனாருடைய வாதம் உள்ளூர் அபிமானத்தில் பிறந்தது. லீட்ஸ் நகரத்தில் போர்டியஸ் என்ற கம்பெனியார் ஒரு காலத்தில் மால்ட் மில்கள் செய்தார்கள். ஸ்காட்லாந்து வடிசாலைகளுக்குப் போனால் அந்த மில்கள் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அங்கே சுற்றிக் காட்டும் வழிகாட்டிகள் வழக்கமாகச் சொல்லும் கதை ஒன்று உண்டு: அந்த யந்திரம் கெடவே கெடாது, கெடாததனால் வாங்கினவன் மறுபடி வாங்க வரவில்லை, எல்லோரும் ஒரு தடவை வாங்கியான பிறகு வாங்க ஆளில்லாமல் கம்பெனியே மூடிப் போயிற்று. பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊரில் இருந்த பாபி கம்பெனியின் மில்களுக்கும் இதே கதையைத்தான் சொல்வார்கள். உத்தமமாக வேலை செய்தவன் அதனாலேயே கெட்டான் என்ற இந்தப் புராணத்தைச் சொல்லும்போது கிழவனாரின் கண் கலங்கும். எனக்கோ, வாங்கி ஒரு வருஷத்துக்குள் கைப்பிடி கழன்று வருகிற சாமான்களைச் செய்கிறவர்கள் எவ்வளவு தீர்க்க தரிசனத்தோடு இருக்கிறார்கள் என்பதே தோன்றும்.

இரண்டு உருளை மில் வந்தது. ஒவ்வோர் உருளையும் ஒரு ஜாண் நீளம். தானியம் வழுக்காமல் பிடித்து இழுப்பதற்காக மேலெல்லாம் உடும்புத் தோல் மாதிரிச் சொரசொரப்பு. இரு பக்கமும் சந்தைக் கூட்டிக் குறைக்கத் திருகுகள். மைத்துனன் கார் மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஃபீலர் கேஜைக் கொண்டுவந்து, சந்தில் தகடு தகடாக நுழைத்து, ஒரு மில்லிமீட்டர் என்று தீர்ப்புச் சொன்னான். கிழவனார் அந்தக் கேஜைக் கையால் தள்ளிவிட்டு, என் கிரெடிட் கார்டை வாங்கிச் சந்தில் செருகினார். அதன் கனம் முக்கால் மில்லிமீட்டருக்குச் சொற்பம் கூட. அது தாராளமாக நுழைந்து, ஆனால் கடகடவென்று ஆடாமல் இருந்தால் போதும் என்பது அவர் பக்ஷம். மில்லுக்குப் பணம் கொடுத்ததும் அந்தக் கார்டுதான். அதை உருளைக்கு நடுவிலும் வைத்துப் பார்த்ததில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்தது. இருவரும் போன பிறகு, ஒரு பிடி மால்ட்டை உடைத்து உள்ளங்கையில் பரப்பி ஊதிப் பார்த்தேன்: உமி படகு படகாக எழும்பிற்று, நொய் தங்கிற்று, மாவு சட்டையில் ஒட்டிற்று. சட்டையில் ஒட்டியது போக உள்ளங்கையில் நிற்கும் மாவு கைரேகையை மறைக்காத அளவுக்கு இருந்தால் சந்து சரியாக இருக்கிறது என்பது என் சொந்தச் சித்தாந்தம். சாஸ்திர ஆதாரம் கிடையாது.

கையால் சுற்றுவது நல்ல தேகாப்பியாசந்தான். ஆனால் ஒரு வடிப்புக்கு ஐந்து கிலோ மால்ட் வேண்டியிருக்கிறதே! மைத்துனன் டிரில் யந்திரத்தைக் கைப்பிடியின் ஸ்தானத்தில் பொருத்தினான். நிமிஷத்துக்கு 150, 200 சுற்றுக்கு மேல் போகக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவனும் சொன்னான், சொல்லிக்கொண்டே விசையை முழுக்க அழுத்தினான். சமையலறையில் பனி பெய்தது. மால்ட் தூசியில் லாக்டோபாஸில்லஸ் என்ற கிருமி உண்டு, அது பீரில் விழுந்தால் புளிக்க வைத்துவிடும், ஆகையால் உடைக்கிற இடமும் ஈஸ்ட் போடுகிற இடமும் வேறாக இருக்க வேண்டும் என்ற விஞ்ஞானத்தை இந்தச் சந்தர்ப்பத்தில் நான் என் மனைவிக்கு விளக்கினேன்.

“இட்லி மாவைப் பொங்க வைக்கிறதும் அந்த வகைதானே? எனக்கு அது வேணும், உங்களுக்கு வேண்டாம். அப்ப வெளியே போக வேண்டியது யாரு?” என்று அவள் கேட்டாள். மில் கராஜுக்குப் போயிற்று.

இந்த நிலைமையில்தான் என் மாமியார் கும்பகோணத்திலிருந்து ஆறு மாத விசாவில் வந்து இறங்கினார். நான் கராஜில் செய்வது பார்லித் தண்ணீர், நீர்க்கடுப்புக்கு நல்லது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதில் பொய் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். அவர் வந்த மறுநாளே கராஜுக்குள் நுழைந்து, வாளியில் கையை விட்டு அள்ளி, விரலால் நெருடினார்.

“நல்லா முளைகட்டின தானியமாத்தான் இருக்கு மாப்பிள்ளை. ஒண்ணும் பாதியுமா விட்டுட்டீங்களே! சத்துமாவுன்னா நைஸா இருக்க வேணாமா?”

“இதுக்கு இவ்வளவு போதும் அத்தை.”

“மில்லுக்குக் கூர் போயிருக்கும்” என்று அவர் எனக்காகப் பரிதாபப்பட்டார்.

சனிக்கிழமை காலையில் நான் ஹாப்ஸ் வாங்கக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பியபோது, என் மாமியார் கொல்லைப்புறத்தில் புல்வெளி நடுவே ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தார். கையில் எவர்சில்வர் தாம்பாளம். யார்க்‌ஷயர் காற்று அன்று அவருக்கென்றே வீசிற்று. தாம்பாளத்தின் முன் விளிம்பைச் சற்றே தாழ்த்தி, இரண்டு கைகளாலும் மேலே உந்த, தானியம் ஒரு முழம் எழும்பிக் கலையாமல் அப்படியே தட்டில் இறங்கும். இறங்கும்போது உமி மட்டும் விலகிப் பறந்து, வேலியைத் தாண்டிக் கிழவனாரின் ரோஜாச் செடிகள்மேல் போய் விழும். மனித சரித்திரத்தில் பீருக்கான மால்ட்டை இவ்வளவு சுத்தமாக யாரும் புடைத்திருக்க மாட்டார்கள். ஐந்து கிலோவும் முடிந்துவிட்டது. “உமி, தூசி ஒண்ணு இல்லாம எடுத்துட்டேன் மாப்பிள்ளை” என்று அவர் திருப்தியோடு சொன்னபோது, அதைக் கொட்டிவிட்டு வேறு உடைத்துக்கொள்கிறேன் என்று சொல்லக் கூடிய மருமகன் எந்த ஊரிலாவது இருந்தால் அவனை நான் தரிசிக்க விரும்புகிறேன்.

வேறு வழியின்றி அதையே குழாய் வைத்த பெட்டியில் வெந்நீர் ஊற்றிப் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால், ஒரு சொட்டு வந்து, மூக்குத்திபோலத் தொங்கி, விழலாமா என்று யோசித்து, அங்கேயே நின்றுவிட்டது. பெட்டிக்குள்ளே பார்லிக் களி. கிளறினேன், குழாயில் வாயை வைத்து ஊதினேன். ரோஜாச் செடியில் உமி விழுந்ததைப் பார்த்தபோதே விஷயத்தை ஊகித்துவிட்ட கிழவனார், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்தார். கோதுமைக்கும் ரை என்ற தானியத்துக்கும் இயற்கையாக உமி நிற்காததால், அவற்றைப் போட்டுப் பீர் காய்ச்சுகிறவர்கள் வடிகட்டுவதற்கென்று தனியாக உமி வாங்கிச் சேர்ப்பது வழக்கம். அவர் கொண்டுவந்ததைப் பிரித்துப் பார்த்தேன்: அசல் நெல் உமி! ரைஸ் மில் பாய்லரில் எரித்து, மிஞ்சியதைக் கரியாக்கிப் பல் துலக்கி, அப்புறமும் மிஞ்சியதை என்ன செய்வதென்று தெரியாமல் மலையாகக் குவித்து வைத்திருந்த ஜில்லாவில் பிறந்தவன், லீட்ஸ் நகரத்திலே அதை அவரிடம் பவுன் கொடுத்து வாங்கினேன். அரிசி நீ கொண்டு வா, உமி நான் கொண்டு வருகிறேன், இருவரும் ஊதி ஊதித் தின்னலாம் என்றவனை நம் பழமொழி தந்திரக்காரன் என்று காட்டுகிறது. பீர் காய்ச்சுகிறவர்கள் கூட்டத்தில் அவனுக்குத்தான் முதல் நாற்காலி.

உமியைக் கலந்து கிளறியதும் களி இளகிற்று. குழாயில் தேன் நிறத்தில் தாரை விழத் தொடங்கிற்று. என் மாமியார் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது பீருதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மாப்பிள்ளை. வாசனை காட்டிக் குடுக்காதா? அது போகட்டும். குளிர் தேசம், ஏதோ குடிக்கிறீங்க. உமியக் காசு குடுத்தா வாங்குனீங்க?”

“ஆமாம் அத்தை.”

“எவ்வளவு?”

சொன்னேன். அவர் அதை ரூபாயாக மாற்றச் சொன்னார், மாற்றிச் சொன்னேன். அன்று ராத்திரி, ஊரில் விடியற்காலை நாலரை மணி என்பதையும் பொருட்படுத்தாமல், கும்பகோணத்து ரைஸ் மில் முதலாளியின் சம்சாரத்துக்குப் போன் போட்டு, பாய்லருக்கு விறகு வாங்கிக்கொள்ளும்படியும், தாம் திரும்பி வரும் வரையில் ஒரு மூட்டை உமியைக்கூட எரிக்க விட வேண்டாம் என்றும் உத்தரவிட்டார்.