120 சுற்றைத் தின்றது யார்?

கேள்வி: எங்கள் கிணற்று மோட்டார் தகட்டில் 50 ஹெர்ட்ஸ், 2,880 ஆர்.பி.எம். என்று போட்டிருக்கிறது. 50-ஐ 60-ஆல் பெருக்கினால் 3,000 அல்லவா? மீதி 120 சுற்றைத் தின்றது யார்?

– ஒரு விவசாயி, பொள்ளாச்சி

பதில்: கணக்கில் புலி ஐயா நீங்கள்! ஹெர்ட்ஸ் நொடிக் கணக்கு, ஆர்.பி.எம். நிமிடக் கணக்கு, 60-ஆல் பெருக்கியது சரிதான். ஆனால் அந்த 3,000, காயிலில் உண்டாகும் காந்தப்புலம் சுற்றுகிற வேகம். மோட்டாருக்குள் சுழலும் பாகமான ரோட்டார் அதைத் துரத்தி ஓடுகிறது, மூக்குக்கு முன்னால் கொள்ளுப்பை கட்டிய குதிரை மாதிரி! எட்டிப் பிடித்துவிட்டால் ரோட்டாரில் மின்சாரம் தூண்டப்படாது. சுழற்றும் விசையும் போச்சு. கொஞ்சம் பின்தங்கினால்தான் தண்ணீர் மேலே வரும். 3,000-இல் 120, அதாவது இந்த 4 சதவீதப் பின்தங்கலுக்கு 'ஸ்லிப்' என்று பெயர். தண்ணீரில்லாமல் வெறுமனே ஓடவிட்டால் 3,000-ஐ நெருங்கும். ஆனால் பம்பின் சீலும் போய்விடும், சோதித்துப் பார்க்க வேண்டாம்.

பக்கத்துத் தோட்டத்து மோட்டாரில் 1,440 என்றிருந்தால் சிரிக்காதீர்கள். உங்களுடையது இரண்டு துருவம்; அது நான்கு துருவம், அங்கே காந்தப்புலமே 1,500-தான் சுற்றும். இப்படித் தூண்டலில் ஓடும் இண்டக்‌ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் லோடோடு முழுசாக 3,000 சுற்றும் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் பர்ஸை உள்ளே வையுங்கள்!