பொன் போகலாம், பேரன் போகக்கூடாது

கோலார் தங்க வயலில் 120 ஆண்டு தோண்டினோம். 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கினோம். 800 டன்னுக்கு மேல் பொன் மேலே வந்தது. 1956 வரை லாபம் போன ஊர் லண்டன். ஜான் டெய்லர் கம்பெனி உட்கார்ந்திருந்தது அங்கேதான். எங்கள் பங்குக்கு லைன் வீடு, சிலிகோசிஸ் இருமல், காற்றடித்தால் கண்ணில் விழும் சயனைடு மேடு. 2001இல் சுரங்கத்தையும் மூடினார்கள்.

பொன்னோடு காகிதமும் கப்பலேறியது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களின் அலமாரி நீளம் மட்டும் 14 கிலோமீட்டர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் நாலு தடவை இறங்கினாலும் மிச்சமிருக்கும். லண்டன் மாணவனுக்கு அது பஸ் தூரம். எங்கள் பையனுக்கு?

அவனுக்கென்று தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. பட்டியல் சாதியினர், நாடோடிப் பழங்குடிகள், நிலமற்ற கூலிகள் வீட்டுப் பிள்ளைகளுக்கு மத்திய சமூகநீதி அமைச்சகம் தருவது. ஆண்டுக்கு 125 இடம். 140 கோடிப் பேர் வாழும் நாட்டில் 125! வள்ளல்தான்.

2022 பிப்ரவரியில் அந்த வள்ளலுக்கும் கை நடுங்கியது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுக்கு இனிப் பணம் கிடையாதாம். ஆதாரமும் அறிஞர்களும் இங்கேயே இருக்கிறார்களாம்.

இங்கே என்றால் எங்கே? தலித் அறிஞர் அயோத்திதாசர் 1914இல் இறந்தார். அவர் நூல்களை அச்சிட்டு உயிரோடு வைத்திருந்தது சாம்பியன் ரீஃப் சித்தார்த்தா புத்தகசாலை. அவர் நடத்தி, பின் நின்றுபோன 'தமிழன்' இதழ் 1926இல் மறுபடி வந்ததும் எங்கள் ஊரிலிருந்துதான். அவர் எழுத்து பெருந்தொகுப்பாக வர 1999 ஆயிற்று. 85 வருஷம். அதையும் போட்டது அரசாங்கமில்லை. பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றின் நாட்டார் வழக்காற்றியல் மையம்.

அதே 2022 ஏப்ரலில் எங்கள் ஊர்ப் பெயரில் ஒரு சினிமா வந்து 1,000 கோடிக்கு மேல் அள்ளியது. தங்கவயலைக் கற்பனையாகச் சொன்னால் ஆயிரம் கோடி. ஆதாரத்தோடு சொல்ல ஆசைப்பட்டால் தகுதியில்லை.

சரி, வரலாற்றை விட்டு வேறு பாடம் எடுத்தவர்களாவது தப்பித்தார்களா? 2025 ஜூலையில் இதே உதவித்தொகைக்கு 106 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கடிதம் கொடுத்தது 40 பேருக்கு. மற்ற 66 பேருக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, சோறு மிஞ்சினால் இலை போடுகிறேன் என்பதுபோல.

எங்கள் ஊர் மாரிகுப்பத்தில் விடியற்காலை ரயிலைப் பாருங்கள். பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில், ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, மறுகையில் போனை வைத்து வரலாறு படிக்கிற பையன் நிற்பான். கைரேகை தரமாட்டோம் என்று கம்பெனியை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்தவர்களின் பேரன் அவன். ஆதாருக்குப் பத்து விரலையும் வைத்துவிட்டான். சாதிச் சான்றிதழ் வாங்கிவிட்டான். வருமானம் 8 லட்சத்துக்குள் என்பதற்கும் வாங்கிவிட்டான். லைன் வீட்டுக்காரனுக்கு அது சிரமமா என்ன?

அமைச்சகத்துக்கு ஒரு விண்ணப்பம். 2022இல் போட்ட அந்த ஒரு விதியை அடித்துவிடுங்கள். அதற்கு நிதி ஒதுக்கீடுகூட வேண்டாம். பேனா போதும்.