'வந்ததுதான் வந்தீங்க': புதிய வீட்டு ஆய்வாளனின் பணிப்பெருக்கம் குறித்த ஓர் ஆய்வு

1. தோற்றுவாய்

என் மனைவி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதத் தொடங்கி ஐந்தாவது வருடம் நடக்கிறது. சாப்பாட்டு மேசையில் பாதி இடம் இரண்டாம் இயலுக்கு, மீதியில் சாப்பிடுகிறோம். ஒருநாள் சட்னி பட்டுவிடக் கூடாதே என்று ஒரு தாளை ஒதுக்கி வைத்தேன். 'மலர் என்பது பூவைக் குறிக்கும்' என்ற வரிக்கு அதில் மூன்று சான்றுகள் காட்டப்பட்டிருந்தன. "எதுக்கு மூணு?" என்றேன். "ரெண்டு இருந்தா நெறியாளர் ஒத்துக்க மாட்டார்" என்றார். அன்றிரவே இந்த ஆய்வுக்கான வித்து விழுந்தது. சட்னியும் விழுந்தது, அது இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

ஆய்வாளன் பற்றி: வீட்டுக்கடன் கேட்பவர்களின் வீட்டை வங்கிக்காகவும், பழைய வீடு வாங்குகிறவர்களுக்காக அவர்கள் வாங்கப்போகும் வீட்டையும் பார்த்து, குறையும் மதிப்பும் எழுதித் தருவது என் தொழில். வந்து பதினோரு மாதம். மூத்த மதிப்பீட்டாளர் ஒருவரிடம் உதவியாளன். அறிக்கையில் கையெழுத்து அவருடையது, கால் என்னுடையது. அவர் 1957ஆம் ஆண்டுச் செல்வவரிச் சட்டத்தின் 34ஏபி பிரிவில் பதிவு பெற்றவர். அந்த வரியை 2015 பட்ஜெட்டில் ஒழித்துவிட்டார்கள். பதிவுக்கு மட்டும் வங்கியில் இன்னும் மரியாதை. செத்துப்போன வரியின் பெயரால் உயிரோடு இருக்கும் வீட்டுக்கு விலை போடுகிறோம். செத்துப்போன கோட்பாட்டை வைத்து உயிருள்ள நாவலை அளக்கிறவர்களுக்கு இதில் ஒன்றும் வியப்பிருக்காது.

2. கருதுகோள்

புதியவனின் வேலைப்பளு வீடுகளின் எண்ணிக்கையால் கூடுவதில்லை. ஒரே ஒரு வாக்கியத்தால் கூடுகிறது.

3. ஆய்வெல்லை

மேற்கே வாணியம்பாடி, கிழக்கே இராணிப்பேட்டை. நடுவில் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, குடியாத்தம், வேலூர், மேல்விஷாரம். எல்லாம் ஒரே வேலூர் மாவட்டமாக இருந்து 2019 நவம்பரில் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என்று மூன்றாயின. ஒரு மாவட்டத்துக்குள் அலைகிறவன் என்றிருந்தால் சாதாரண ஆள். நான் மூன்று மாவட்டத்துக்கு அலைகிறவன். பெட்ரோல் செலவு அதேதான். பெருமை மூன்று மடங்கு.

காலவெல்லை: மாலை ஆறு மணிக்கு மேல். இந்தப் பக்கம் பாதி வீடுகளில் பெண்கள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் வந்து நின்றால்தான் சாவி கிடைக்கும். ஆகவே விரிசல்களைப் பெரும்பாலும் டார்ச் வெளிச்சத்தில்தான் கண்டிருக்கிறேன். பகலில் அவை எப்படி இருக்கும் என்பது மேலாய்வுக்குரியது.

4. சொல்லாய்வு

வேலூர் என்ற பெயர் வேல மரத்தால் வந்தது, முருகன் கை வேலால் வந்தது என்பார்கள். இவர்கள் யாரும் வீட்டு ஆய்வாளர்களாக இருந்தவர்கள் அல்லர். வேலை + ஊர் = வேலூர். நடுவில் இருந்த ஐகாரம் எங்கே என்று கேட்பவர்கள் நன்னூலைப் புரட்டலாம்: தோன்றல், திரிதல், கெடுதல் என விகாரம் மூன்று. இது கெடுதல். வேலையால் கெடாதது எது?

ஆம்பூர் இன்னும் தெளிவு. ஆம் + ஊர். யார் எதைக் கேட்டாலும் 'ஆம்' என்று தலையாட்டும் புதியவன் உழலும் ஊர். இடையில் ஒரு பகரம் வந்தது தோன்றல் விகாரம்; அது பணிவைக் குறிக்கும். பேர்ணாம்பட்டுக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கிறேன். அந்த ஊர்க்காரர் ஒருவர் கட்டுரையின் முடிவில் வருகிறார், அவர் எதிரில் சொல்லத் துணிவில்லை.

5. முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடி நார்த்கோட் பார்கின்சன். கையில் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவுக்கும் வேலை வீங்கும் என்று 1955இல் 'எகானமிஸ்ட்' இதழில் எழுதினார். அப்போது அவர் சிங்கப்பூரில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். கிண்டலாகத்தான் எழுதினார். அதை நிர்வாகவியல் பேராசிரியர்கள் விதியாக்கி, பாடமாக்கி, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேட்டார்கள். இந்தக் கட்டுரைக்கும் அந்தக் கதி வரலாம் என்று இப்போதே எச்சரிக்கிறேன்.

பார்கின்சனின் குறை, முதலில் நேரம் இருக்கிறது, பிறகு வேலை வீங்குகிறது என்று நினைத்தது. ஆம்பூர் பைபாஸில் ஏழு மணிக்கு நின்றிருந்தால் இந்த வரிசை மாறியிருக்கும்.

அடுத்தவர் ஜான் லிட்டில். 1961இல் ஒரு சூத்திரத்தை நிறுவினார்: ஒரு நாளைக்கு வருகிற வேலையை, ஒரு வேலை வந்து முடிந்து வெளியேற ஆகும் நாட்களால் பெருக்கினால், சராசரியாகத் தலைமேல் கிடக்கும் வேலை எவ்வளவு என்று கிடைக்கும். நாளைக்கு 4 வீடு, அறிக்கை போய்ச் சேர 5 நாள் என்றால் தலைமேல் எப்போதும் 20 வீடு. அந்த 20ஐயும் கூரையோடு சுமக்கிறோம். இதைக் குறைக்க லிட்டில் தரும் வழி இரண்டே: வருவதைக் குறை, அல்லது சீக்கிரம் முடி. முதலாவதற்கு 'முடியாது' என்று சொல்லத் தெரிய வேண்டும். 'ஆம்' ஊரில் அது நடக்காது.

6. வாக்கியம்

இனி வாக்கியத்துக்கு வருவோம். "வந்ததுதான் வந்தீங்க, மாடியையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடுங்க சார்." மாடியின் இடத்தில் எது வருகிறதோ அதை வைத்து இது ஐந்து வகைப்படும்:

(அ) செங்குத்து வகை: மாடி, மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி.

(ஆ) கிடைமட்ட வகை: பக்கத்து வீடு, அதற்குப் பக்கத்து வீடு.

(இ) இறந்தகால வகை: தாத்தா கட்டிய ஓட்டு வீடு. அதற்குக் கடன் வேண்டாம், 'சும்மா தெரிஞ்சுக்கத்தான்.'

(ஈ) எதிர்கால வகை: மருமகன் வாங்கப்போகிற பிளாட். மருமகன் இன்னும் அமையவில்லை (வீட்டுக்காரம்மா, நேர்காணல், அடுக்களை வாசல்).

(உ) நீர் வகை: இது இந்த மண்ணுக்கே உரியது. சுவரின் அடிப்பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். வீட்டுக்காரர் டேனரியைக் கைகாட்டுவார். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டுத்தான் வரும். அதை ஊறவைத்துக் கழுவிய தண்ணீரில் அந்த உப்பெல்லாம் இறங்கும். ஊர்க் கிணறுகளும் பாலாறும் அதைக் குடித்த கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஆகஸ்டில் 'கெடுத்தவரே ஈடு கட்டட்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதியே என்று தீர்ப்பானது. அந்த வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. டேனரிக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டுவார், மேஸ்திரி மணலை, மணல் லாரிக்காரர் வானத்தை. கம்பி கட்டிப் போடும் கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது என்பேன். ஒரு நிமிடம் மௌனம். பிறகு, "வந்ததுதான் வந்தீங்க, போர் தண்ணியையும் டெஸ்டுக்கு எடுத்துட்டுப் போங்களேன்." சொம்பில் தருவார்கள். பைக்கில் சொம்போடு போகிறவனை நெடுஞ்சாலையில் பார்த்தால் சிரிக்காதீர்கள். அவன் களப்பணியில் இருக்கிறான்.

இந்த ஐந்தையும் சேர்த்து மேற்கண்ட சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஒரு வீடு இரண்டரை வீடாகிறது. நாளைக்கு 4 என்பது 10. தலைமேல் 50.

7. ஒற்றைக்கால் நிலை

இந்த ஆய்வின் உயிர்நாடி இங்கே இருக்கிறது. வாக்கியம் எப்போது சொல்லப்படுகிறது?

உள்ளே நுழையும்போது இல்லை. தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கும்போது இல்லை. ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரும்வரை எல்லோரும் மூச்சடக்கி நிற்பார்கள், அப்போதும் இல்லை. டீ குடித்து, நோட்டை மூடி, வாசலுக்கு வந்து, ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்து மறு காலைத் தூக்கும் அந்த நொடியில்தான் சொல்லப்படுகிறது. இதற்கு 'ஒற்றைக்கால் நிலை' என்று பெயரிட்டிருக்கிறேன்.

ஏன் அந்த நொடி? இரு பள்ளிகள் உள்ளன. முதலாவது உடலியல் பள்ளி: ஒற்றைக்காலில் நிற்பவன் ஓட முடியாது (மேஸ்திரி ஒருவர், நேர்காணல், மொட்டை மாடி, பீடி அணைவதற்குச் சற்று முன்). இரண்டாவது உறவுப் பள்ளி: ஷூவைக் கழற்றி உள்ளே வந்தவன் பேங்க்கு ஆள், ஷூவைப் போட்டுக் கிளம்புகிறவன் நம் வீட்டில் டீ குடித்தவன். டீ குடித்தவனிடம் கேட்கலாம் (என் மாமியார், தொலைபேசி உரையாடல், 'சாப்பிட்டியா'வுக்கும் 'வெச்சுடட்டுமா'வுக்கும் இடையில், இதே கருத்தை அவரே மறுத்தும் இருக்கிறார், அதே உரையாடல், இரண்டு நிமிடத்துக்குப் பிறகு). இரண்டையும் இணைத்து மூன்றாவதாக ஒரு பள்ளி தொடங்க ஆம்பூர் பேருந்து நிலையத்தருகே டீக்கடையில் முயற்சி நடந்தது. முன்மொழிந்தவர் பஸ் வந்ததும் ஏறிவிட்டார் (கண்ணாடி கிளாஸ், பாதி; சர்க்கரை குறைவு; மேற்கோளின் மீதிப் பாதி வாணியம்பாடியில்).

நான் சோதனையில் இறங்கினேன். அதுவரை போட்டிருந்தது லேஸ் கட்டுகிற ஷூ. லேஸ் கட்ட ஆகும் நேரத்தில் ஒரு குடும்பமே வாசலில் கூடிவிடுகிறது. எனவே லேஸ் இல்லாத ஷூ வாங்கினேன். ஆம்பூரில் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் ஷூ விற்கும் கடையில், சீமைக்குப் போக வேண்டிய சரக்கு, தையலில் ஒரு நூல் பிசகியதால் திரும்பியது என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஒரே உதறில் கால் உள்ளே போகும். முதல் வாரம் வெற்றி. இரண்டாவது வாரம் ஒரு வீட்டில் வெளியே வந்தபோது வாசலில் இடது ஷூ மட்டும் இருந்தது. வலது ஷூவை நாய் தூக்கிப் போகாமலிருக்க மாடியில் வைத்திருப்பதாக வீட்டுக்காரர் சொன்னார்.

மாடிக்குப் போனேன். "வந்ததுதான் வந்தீங்க..."

8. பயன்பாடு

நம் பல்கலைக்கழகங்களில் ஓர் ஆய்வேட்டை முழுதாக முடிப்பவர் மூவர்: எழுதியவர், தட்டச்சு செய்தவர், கரையான். என் அறிக்கைகளில் கரையான் ஒரு குறையாகவே பதிவாகும் என்பதால், எனக்கு வேறு வாசகர் தேவைப்பட்டார். பேர்ணாம்பட்டில் ஒரு டேனரியில் முப்பது வருடமாகத் தோல் தரம் பிரிக்கும் பாய் ஒருவரிடம் போனேன். ஒரு நாளில் எத்தனையோ தோல், ஆள் ஒருவர். அவருக்கு வேலை எப்படி வீங்காமல் இருக்கிறது?

ஒரு தோலை வெளிச்சத்துக்கு எதிரே வீசிப் போட்டார். உண்ணிக்கடி, முள் கீறல், சூட்டுக்கோல் தழும்பு, உரித்தவனின் கத்தி வெட்டு என்று நான் குனிந்து எண்ணத் தொடங்கினேன். நான்கு எண்ணுவதற்குள் அவர் தரம் சொல்லி அடுத்த தோலுக்குப் போய்விட்டார்.

"எண்ணாதீங்க தம்பி. எங்க இருக்குன்னு பாருங்க. வயித்துப் பக்கம் பத்து ஓட்டை இருந்தாலும் அது வயிறு. முதுகுல ஒண்ணு இருந்தா தோலே போச்சு."

வீட்டுக்கும் முதுகு உண்டு: அஸ்திவாரம், பில்லர், பீம், தளம், அவற்றுக்குள் இருக்கும் கம்பி. பூச்சு வெடிப்பு, பெயின்ட், டைல்ஸ் இடுக்கு, இறுகிப்போன ஜன்னல் எல்லாம் வயிறு. நான் பதினோரு மாதமாக வயிற்றை எண்ணி மூன்று பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். உப்புப் பூத்த சுவரைப் பற்றி ஒரு பக்கம். அந்த உப்பு பில்லர் கம்பிவரை போயிருக்கிறதா என்பதற்கு அரை வரி. மலருக்கு மூன்று சான்று தேடியவரைப் பார்த்துச் சிரித்தவன் நான்.

மனம் நிறைந்து விடைபெற்றேன். வாசலில் ஒரு காலை ஷூவுக்குள் நுழைத்தேன். மறு காலைத் தூக்கும்போது, நான் நினைக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது:

"வந்ததுதான் வந்தேன் பாய், இந்த ஷூ நல்ல தோலான்னு ஒரு பார்வை பாத்துடுங்களேன்."

பாய் முகம் சுளிக்கவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மிச்சமிருந்த ஷூவை வாங்கினார். திருப்பினார். ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு மடக்கு.

"ரெக்சின்."

என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தோலை வீசிப் போட்டார்.