புரூஃப் பார்த்துத் தரவும்

பெறுநர்: பள்ளித் தாளாளர் மற்றும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவினர்

அனுப்புநர்: தங்கள் பள்ளியின் டைரி, ரசீதுப் புத்தகம், ஆண்டுவிழா அழைப்பிதழ் எல்லாம் அச்சடித்துத் தரும் பிரஸ்காரன், எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன் ஒருவனின் தகப்பன்

பொருள்: மூன்று நாள் சஸ்பென்ஷனுக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன வாரம் செவ்வாய்க்கிழமை மதியம் 12.40க்கு என் மகன் தன் டிபன் பாக்ஸால் சக மாணவன் ஒருவனின் வாயில் அடித்தான். 12.55க்கு எனக்குப் போன் வந்தது. 1.30க்கு நான் உங்கள் அறை வாசலில் நின்றேன். 2 மணிக்கு உத்தரவு என் கையில் இருந்தது, சீலோடு. அசந்துபோய்விட்டேன். ஆறாம் வகுப்பிலிருந்து நான் எழுதிக் கொடுத்த நான்கு புகார்களுக்கும் ஒரு வரி பதில்கூட வராததால், பள்ளியில் போன் கெட்டுவிட்டதோ, சீல் தொலைந்துபோய்விட்டதோ என்று நானாகவே கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் நல்ல நிலையில் இருப்பதைக் கண்ணால் பார்த்ததில் பரம திருப்தி.

என் மகனுக்குத் திக்குவாய். இது குழுவினருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவன் வகுப்பில் நாற்பது பேருக்கும் தெரியும். காலையில் அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது, 'பிரசென்ட்' என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் எத்தனை 'ப்' வருகிறது என்று பின் பெஞ்சிலிருந்து எண்ணுவார்கள். ஏழைத் தாண்டினால் கைதட்டல். 'ரிப்பீட்டு' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை மார்க்கரால் அவன் சட்டை முதுகிலும் எழுதி அனுப்பினார்கள். துவைத்தால் போகவில்லை. அச்சு மையைத் துடைக்க நான் வைத்திருக்கும் மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்தேன். எழுத்து மங்கியது, நாற்றம் தங்கியது. மறுநாள் அந்த நாற்றத்துக்கும் ஒரு பெயர் கிடைத்தது. புதன்கிழமைகளில் அவன் டிபனில் முட்டை இருக்கும். அதை எந்த வாரம் யார் தின்பது என்று அவர்களுக்குள் ஒரு முறை வைத்திருந்தார்கள். சண்டை சச்சரவில்லாமல் பங்கிட்டுத் தின்னும் பழக்கத்தை இந்த வயதிலேயே ஊட்டியிருக்கும் பள்ளிக்கு என் பாராட்டுகள்.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வகுப்பாசிரியர், "விளையாட்டுக்குச் செய்யுறானுங்க சார்" என்று ஆறுதல் சொன்னார். பி.டி. மாஸ்டர், "ஆம்பளப் பிள்ள, இதெல்லாம் தாங்கிக்கணும்" என்று தைரியம் சொன்னார். தலைமையாசிரியர் ஒருபடி மேலே போய் அவனை முன் பெஞ்சுக்கு மாற்றினார். எண்ணுகிறவர்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. 'முழுநேர உளவியல் ஆலோசகர் உண்டு' என்று உங்கள் அட்மிஷன் நோட்டீஸில் ஒரு வரி இருக்கிறது. கொட்டை எழுத்தில், நான்தான் அச்சடித்தேன். அந்த ஆலோசகரை இன்னும் பார்க்கும் பாக்கியம் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு வருகிறேன். அதை நடத்திய விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு பேரையும் நிற்க வைத்து, "என்ன நடந்தது, வாயைத் திறந்து சொல்லுங்க" என்றீர்கள். உதட்டில் பஞ்சை அமுக்கிக்கொண்டு நின்ற பையன் மாவட்டப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவன். குடியரசு தினத்தன்று பாரதியைப் பற்றி ஏழு நிமிடம் மூச்சு விடாமல் பேசியவன். கிழிந்த உதட்டோடும் தங்குதடையின்றிச் சொன்னான். அடுத்து என் மகன் முறை. அவன் முதல் வார்த்தையின் முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தான். குழுவினர் முப்பது விநாடி பொறுத்திருந்தீர்கள். பிறகு, "சொல்ல ஒண்ணும் இல்லபோல" என்று மினிட்ஸில் எழுதினீர்கள். எழுதிக் கொடுக்கட்டுமா என்று அவன் சைகையில் கேட்டதை என்னைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

உத்தரவில் 'இரு மாணவர்களுக்கிடையே நடந்த கைகலப்பு' என்று போட்டிருக்கிறீர்கள். 1982 கடைசியில் நார்வேயில் சிறுவர்கள் மூன்று பேர் பள்ளித் தொல்லை தாங்காமல் உயிரை விட்டபிறகு, அடுத்த வருடமே அந்த நாடு முழுக்கப் பள்ளிகளில் ஓர் இயக்கம் தொடங்கியது. அதற்கு வழி சொன்ன டான் ஓல்வியஸ் என்கிற உளவியல் பேராசிரியர் இப்படிப்பட்ட தொல்லையைச் சண்டை என்றே கணக்கில் எடுக்கவில்லை. வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, தற்காத்துக்கொள்ள முடியாதவனுக்குச் செய்வது: இந்த மூன்றும் சேர்ந்தால் அது வேறு சங்கதி என்றார். உங்கள் கணக்கில் இரண்டு வருடத் தொல்லையும் ஒரு நிமிட அடியும் கூட்டி இரண்டால் வகுக்கப்பட்டிருக்கின்றன. வகுத்த பிறகும் சஸ்பென்ஷன் ஒருவனுக்குத்தான் என்பது எனக்குப் புரியாத உயர் கணிதம்.

"அடிக்கிறதுக்கு முன்னாடி எங்ககிட்ட வந்து சொல்லியிருக்கலாமே" என்று தாளாளர் ஐயா கேட்டீர்கள். சொல்வதைப் பற்றி எனக்கு ஒரு பயம் உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். வள்ளியூரில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த பட்டியல் சமூக மாணவன் அவன். சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்கே போகாமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டார்கள். சொன்னான். தொல்லை கொடுத்தவர்கள் இரவில் அவன் வீட்டுக்குள்ளேயே அரிவாளோடு புகுந்தார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. நல்ல பிள்ளை என்ன செய்ய வேண்டும் என்று வருடா வருடம் டைரியில் நான் அச்சடிக்கிறேனோ, அதைத்தான் செய்தான். பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறுநூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வந்தது. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிற்றைப் பற்றி அதில் சொன்னதைத்தான் ஊரில் எல்லோரும் பேசினார்கள். புகார் சொன்ன பிள்ளையின் பெயர் எந்த வழியாக வெளியே போகிறது என்பதைப் பேசியவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை.

என் மகன் விஷயத்தில் சாதி இல்லை. எதிரில் நின்றவன் ஆள் திரட்டிக்கொண்டு ராத்திரி வீட்டுக்கு வருகிறவனும் இல்லை. அதனால்தான் இவனால் டிபன் பாக்ஸைத் தூக்க முடிந்தது. திருப்பி அடிக்கக்கூடக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், ஐயா. என் அம்மா, அதாவது அவனுடைய அப்பத்தா, இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது: "ஒரே ஒரு தடவ குடுத்துட்டு வாடா, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்." நான்தான் குறுக்கே நின்றேன். கண்டுக்காதே, ஒதுங்கிப் போ, சாரிடம் சொல் என்றேன். இப்போது யோசித்தால், நானும் இன்னொரு ஒழுங்கு நடவடிக்கைக் குழுவாகத்தான் இருந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அவன் திரும்ப வகுப்புக்குப் போனான். அட்டெண்டன்ஸ் எடுத்தபோது யாரும் எண்ணவில்லையாம். 'டிபன்' என்று புதுப் பெயர், கொஞ்சம் மரியாதையோடு. அப்பத்தா பாயசம் வைத்தது. அடிபட்ட பையனுக்கு இரண்டு தையல், நாலு நாளாகக் கஞ்சிதான் என்று கேள்விப்பட்டு என் மனைவி அந்தப் பாயசத்தைத் தொடவில்லை. நான் பாதி டம்ளர் குடித்தேன்.

கடைசியாக ஒரு சட்ட விஷயம். 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அது கல்லூரிக்குத்தானே என்று நானும் நினைத்திருந்தேன். பிரஸ்ஸுக்கு வரும் வக்கீல் ஒருவர் படித்துக் காட்டினார். எந்தக் கல்வி நிறுவனமானாலும் சரி, ஒரு மாணவனுக்குப் பயமோ அவமானமோ உண்டாக்கும் கேலியும் அதில் வருகிறது. தண்டனை இரண்டு வருடம் வரை சிறை. புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காமல் இருக்கும் தலைமையை உடந்தை என்றே கருத வேண்டும் என்றும் இருக்கிறது. மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். டைரியின் பின்னட்டை காலியாக இருக்கிறது, அங்கே போடலாமா என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

வரும் கல்வியாண்டு டைரியின் 14ஆம் பக்கப் புரூஃப் இணைத்திருக்கிறேன். பழைய விதி: 'சக மாணவர் மீது கை ஓங்குவோர் உடனடியாக இடைநீக்கம் செய்யப்படுவர்.' அதற்கு மேலே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன். 'கொடுத்த புகாருக்கு எத்தனை நாளில் பதில்' என்பதற்கான இடம் அது. எண்ணை நீங்களே நிரப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பினால் பிளேட் போட்டுவிடுவேன்.

இப்படிக்கு,
பிரஸ்காரன்

பின்குறிப்பு: 'என் மகன் / மகள் செய்த தவறுக்கு வருந்துகிறேன்' என்ற மன்னிப்புக் கடிதப் படிவம் 500 அச்சடித்துக் கொடுத்த பில் ஜூனிலிருந்து பாக்கி இருக்கிறது. புகார்ப் படிவத்துக்கு இதுவரை ஆர்டர் வந்ததில்லை. மன்னிப்புப் படிவத்தில் ஒன்றைப் போன செவ்வாய்க்கிழமை நானே நிரப்பிக் கொடுத்துவிட்டபடியால், அதற்குரிய 1 ரூபாய் 20 காசைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தால் போதும்.