சத்தம் பார்க்கும் அண்ணாச்சி

கேரளத்துக் கோயில்களில் வெடி வழிபாடு என்று ஒன்று உண்டு. கவுண்டரில் காசு கட்டிப் பேரும் நட்சத்திரமும் சொன்னால் உங்கள் கணக்கில் ஒரு கதினா வெடிக்கும். காசே கட்டாமல் அந்தப் புண்ணியம் எனக்கு தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது. என்னுடைய 1996 மாடல் பிரீமியர் பத்மினி சமதரையில் பூனைபோலப் போகும். தோப்பும்படிப் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தால் மட்டும் 'டமார்!' பாலத்தோரம் தூண்டில் போட்டிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். மீன் போய்விட்டதென்று என்னைத்தான் திட்டுவார்கள்.

மட்டாஞ்சேரியில் வண்டி வெடித்தால் மெக்கானிக்குக்கு முன்னால் அண்ணாச்சி வந்துவிடுவார். இது ஓர் ஆளின் பெயர் இல்லை, ஒரு பதவி. சாயாக்கடை பெஞ்சுக்கு ஒருவர் வீதம் உண்டு. குஜராத்தி வீதியில் அவர் குஜராத்தி பேசுவார், செறளாயி பக்கம் கொங்கணி பேசுவார். இரண்டு எட்டு வைத்தால் பாஷை மாறிப்போகும் இந்த ஊரில், 'மிஸ்ஸிங்' என்ற சொல் மட்டும் மாறுவதில்லை. பெஞ்சில் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், ஒரே தலையசைப்போடு.

எங்கள் பெஞ்சுக்கு வாய்த்தவர் திருநெல்வேலிக்காரர். பஜார் ரோட்டு மிளகு கிடங்கில் நாற்பது வருஷம் உழைத்தவர். ஒரு பிடி மிளகை உள்ளங்கையில் உருட்டியே, இது லிட்டருக்கு 550 கிராம் நிற்குமா, 500-தானா என்று சொல்லிவிடுவாராம். பிறகு தராசு வைத்துப் பார்ப்பதெல்லாம் மரியாதைக்காக. மிளகு கைக்கு அடங்கியதுபோல மோட்டார் காதுக்கு அடங்கும் என்பது அவர் சித்தாந்தம். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட வைத்துக்கொண்டதில்லை. அதனால் அபிப்பிராயத்தில் பழுது சேரவே இல்லை.

முதல் நாள், பழம்பொரியைக் கீழே வைக்காமலே, "கார்ப்ரேட்டர் கேஸு தம்பி. திடீர்னு மிதிக்கே, காத்து உள்ள போயிருது, பெட்ரோல் பின்னாடி மெதுவா வருது. ஆக்சிலரேட்டர் பம்ப் போயிட்டு" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், தப்பில்லாத பேச்சு. மிதித்த கணத்தில் ஒரு சொட்டு கூடுதலாகப் பீய்ச்சத்தான் அந்தப் பம்ப் இருக்கிறது. பீய்ச்சாவிட்டால் கலவை வறண்டு, கார்ப்ரேட்டர் வழியாகவே நெருப்பு தும்மும். டயஃபிரம் மாற்றினேன். பாலத்தில் டமார்.

இரண்டாம் வாரம் அவர் அரசியலுக்குப் போனார். "பெட்ரோல்ல நூத்துக்கு இருபது எத்தனால் கலக்கான். உன் வண்டி ரப்பரெல்லாம் அதைக் குடிச்சிப் பழகினதா?" இதிலும் கொஞ்சம் விஷயம் உண்டு. எத்தனால் கலவையை வறட்சியாக்கும், பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் டியூபையும் ஃபில்டரையும் மாற்றினேன். டமார்.

அதற்கப்புறம் தினம் ஒரு தீர்ப்பு. திங்கட்கிழமை டைமிங். செவ்வாய் சைலன்சர் ஓட்டை. புதன்கிழமை வால்வு கருகிவிட்டது. வியாழன் அன்று, வாங்கின நேரம் சரியில்லை. வெள்ளிக்கிழமை பிளக். சனிக்கிழமை 'கரண்ட் சமாச்சாரம்'. கவனித்துப் பார்த்தால் மனுஷர் ஒரு சர்வீஸ் புத்தகத்தையே தவணை முறையில் ஒப்பித்திருக்கிறார்.

கடைசியில் ஓர் ஆசானிடம் கொண்டுபோனேன். கொச்சியில் பழைய மெக்கானிக்கை ஆசான் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் காதைத் தீட்டவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "முன்னிலோ, பின்னிலோ?"

மூன்று வாரத்தில் அண்ணாச்சியும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. சைலன்சரில் வெடித்தால் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிகிறது என்று அர்த்தம். போனெட்டுக்குள் வெடித்தால் கதை வேறு. யோசித்துவிட்டு, முன்னால்தான் என்றேன். "ராத்திரி வா" என்றார்.

இருட்டில் போனெட்டைத் திறந்து, விளக்கை அணைத்து, எஞ்சினைச் சுற்றி ஸ்ப்ரே பாட்டிலால் லேசாகத் தண்ணீர் தூவினார். பையனை விட்டு முறுக்கச் சொன்னார். பிளக்குகளுக்குப் பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டெல்கோ மூடியின் மேல் நீலமாக ஒரு மின்மினி ஓடியது. மயிரிழை விரிசல். உப்புக்காற்றும் ஈரமும் அதில் புகுந்து மின்சாரத்துக்குக் குறுக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தன. மெதுவாகப் போகும்போது பொறி நேர்வழியிலேயே போய்விடும். மிதித்தால் சிலிண்டருக்குள் கலவை அதிகம், அழுத்தம் அதிகம், பிளக்கில் பொறி தாண்டுவது கஷ்டம். உடனே குறுக்கு வழிதான். இந்த எஞ்சினில் வெடிவரிசை 1-3-4-2. ஒன்றாம் சிலிண்டருக்குப் போகவேண்டிய பொறி, மூடியில் பக்கத்து வீட்டுக்காரனான மூன்றாம் சிலிண்டருக்குப் போகிறது. அது அப்போதுதான் குடித்து முடிக்கிறது, வால்வை இன்னும் மூடவில்லை. வாய் திறந்திருக்கும்போது தீக்குச்சி கிழித்தால் நெருப்பு வாய் வழியாகத்தானே வரும்?

மூடியைத் தேடித்தான் இரண்டு நாள் அலைந்தேன். மாட்டியதும் பாலத்தில் ஏறினேன். பக்கத்து சீட்டில் அண்ணாச்சி, மேற்பார்வைக்கு. மூன்றாம் கியர். மிதித்தேன். ஒன்றும் இல்லை. பாலம் தாண்டும்வரை அவர் பேசவில்லை. கையில் மிளகு இல்லாமலே விரல்கள் உருட்டிக்கொண்டிருந்தன.

"என்ன கோளாறாம்?"

"டெல்கோ மூடியில் விரிசல்."

முகம் மலர்ந்துவிட்டது. "நான் சனிக்கிழமையே சொன்னேம்லா, கரண்ட் சமாச்சாரம்னு!"

மறுக்க வழியில்லை. சொல்லத்தான் செய்தார். ஆறு நாளில் ஆறு சொன்னவரை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது?

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து சாயா சொன்னோம். அந்தி மயங்கும் நேரம். எங்கோ ஒரு கோயிலில் யாரோ காசு கட்டியிருக்க வேண்டும், கதினா ஒன்று வெடித்தது. தொடர்ந்து இரண்டாவது. அண்ணாச்சி கிளாஸை உதட்டிலிருந்து எடுக்காமல் காதை மட்டும் சாய்த்தார்.

"ரெண்டாவது கொஞ்சம் முந்திட்டு. டைமிங் பாக்கணும்."