இக், ஆ, இட்

திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன் நானில்லை. அது என் தாத்தா காலத்தோடு போயிற்று. ஆனால் அதன் சத்தம் மட்டும் எப்படியோ தப்பித்து, 1960-களில் எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியின் ஓட்டுக்கூரைக்குக் கீழே வந்து குடியேறியிருந்தது. சட்டாம்பிள்ளை முன்னால் நின்று ‘ஆனா’ என்று ராகம் எடுப்பான்; நாங்கள் தொண்டை கிழிய ‘ஆனா’ என்போம்; அவன் ‘ஆவன்னா’ என்பான்; வாத்தியார் நாற்காலியில் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருப்பார், அல்லது கண்ணை மூடியபடி இருப்பார். உங்களில் அந்த ராகத்தில் வளர்ந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ‘அம்மா’ என்று வாசிக்க வேண்டுமானால் ‘ஆனா, இம்மன்னா, மாவன்னா’ என்று ஊரைச் சுற்றிக்கொண்டுதான் அம்மாவிடம் வந்து சேர முடியும்.

சிலேட்டைக் கோவை இலை வைத்துத் தேய்ப்பதும், பலப்பத்தில் பாதியை எழுதிக் கரைப்பதும் மீதியை யாருக்கும் தெரியாமல் தின்று தீர்ப்பதும் பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்கள். பலப்பத்தின் ருசியை இன்றைய பிள்ளைக்கு எப்படி விளக்குவது? மழை விழுந்த மண்ணைக் கொஞ்சம் கெட்டியாக்கினால் வரும் ருசி அது. என் பேத்தியிடம் சொன்னேன். “சீ, தாத்தா!” என்றாள். அவளிடம் இருப்பது ஒரு பிளாஸ்டிக் பலகை. விரலால் எழுதலாம், பொத்தானை அமுக்கினால் எழுதியதெல்லாம் மறைந்துவிடும். அழிப்பதில் ஒரு சுகமும் இல்லை.

அவள் படிக்கிற பள்ளியில் ‘ஃபோனிக்ஸ்’ சொல்லித்தருகிறார்கள். ஏ, பி, சி என்ற வரிசையே அங்கே கிடையாது. எஸ், ஏ, டி, ஐ, பி, என் என்று கலைத்துப் போட்டுத் தொடங்குகிறார்கள். இந்த ஆறைக் கொண்டே நிறையச் சின்னச் சொற்களைக் கட்டிவிடலாமாம். எழுத்தின் பெயரையும் சொல்லக்கூடாது, ஓசையைத்தான் சொல்ல வேண்டும். என் மகள் காலத்தில் ‘ஏ ஃபார் ஆப்பிள்’ இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரைப் பார்க்கப் போகும்போது மட்டும் வாங்கப்படுகிற அந்தப் பழத்தைக் கொண்டு நாங்கள் ஆங்கிலத்தைத் தொடங்கிவைத்தோம். இப்போது அதற்கும் தடை.

இதெல்லாம் விளையாட்டல்ல, ஆராய்ச்சி. நான் பிறப்பதற்கு முன்பே, 1955-இல், ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் ஜானிக்கு ஏன் வாசிக்க வரவில்லை என்று அமெரிக்காவில் ஒரு புத்தகமே எழுதி, சொல்லை முழுசாகப் பார்த்து மனப்பாடம் செய்யும் முறையை ஒரு பிடி பிடித்தார். 2000-இல் அந்நாட்டு தேசிய வாசிப்புக் குழு, ஆய்வுகளை அலசிவிட்டு, ஓசைகளை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் வாசிப்பு நன்றாக வருகிறது என்று அறிக்கை கொடுத்தது. அதை நான் மறுக்கவில்லை. 26 எழுத்தை வைத்துக்கொண்டு 44 ஓசையைச் சமாளிக்கிற மொழிக்கு ஏதாவது வைத்தியம் வேண்டியதுதான்.

சிரிப்பு வந்தது எங்கே என்றால், பெற்றோர் கூட்டத்தில். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அலுவலகம் இருந்ததால் தாத்தா போனேன். “மெய்யெழுத்தோடு ‘அ’ சேர்ந்துவிடக் கூடாது, ‘ப’ இல்லை, வெறும் ‘ப்’” என்று அந்த டீச்சர் உதட்டைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார். புள்ளி வைத்த எழுத்தைத்தானே அம்மா சொல்கிறீர்கள், அதை எங்கள் ஆட்கள் தொல்காப்பியத்திலேயே வைத்துவிட்டார்களே என்று எழுந்து சொல்ல நாக்கு துடித்தது. சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று. ஏனென்றால் வீட்டுக்கு வந்து ‘கேட்’ என்ற சொல்லை நானே உடைத்துப் பார்த்தபோது, ‘இக், ஆ, இட்’ என்றுதான் வந்தது. இக்கன்னா, இங்ஙன்னா என்று கத்திய வாய்; முன்னால் ஓர் ‘இ’ போடாமல் அதற்கு மெய் வராது. சேர்த்துச் சொன்னால் ‘இக்காயிட்’. பூனை என்று யார் நம்புவார்கள்? நடுவில் வரும் அந்த ஓசையோ ஆவும் இல்லை, ஏயும் இல்லை. பேத்தி என் தாடையைப் பிடித்து அகலத் திறந்துவைத்துப் பார்த்தாள். பல் டாக்டர்கூட அவ்வளவு திறந்ததில்லை.

அடுத்து ஒரு தாள் வந்தது, அர்த்தமே இல்லாத சொற்களாக. மனப்பாடத்தில் தப்பிக்காமல் நிஜமாகவே ஓசை கூட்டி வாசிக்கிறார்களா என்று பார்க்கவாம். இங்கிலாந்தில் 2012 முதல் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் சோதனையில் 40 சொற்களில் 20 இப்படிப்பட்டவை. பக்கத்தில் வேற்றுக்கிரகவாசி படம் போட்டு, இது அவருடைய பெயர் என்பார்கள். அதற்காக அங்கே நிபுணர்கள் உட்கார்ந்து அர்த்தமற்ற சொற்களைத் தயாரிக்கிறார்கள். நாங்கள் ஙூ, ஙௌ, ஞௌ என்று எந்தச் சொல்லிலும் வந்து நிற்காத எழுத்துகளை 247-க்குள் வைத்து, அதே ராகத்தில், அதே பக்தியோடு கத்திக்கொண்டிருந்தோம். படம் மட்டும்தான் போடவில்லை.

இவ்வளவு ஓசை சேர்த்த பிறகும் ‘செட்’, ‘ஒன்’, ‘த’ போன்ற சில சொற்கள் எந்த விதிக்கும் மசிவதில்லை. அவற்றுக்கு ‘ட்ரிக்கி வேர்ட்ஸ்’ என்று பெயர் கொடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். அதாவது மனப்பாடம், வண்ண அட்டையில். எங்களுக்கு அட்டையெல்லாம் இல்லை. ‘லெஃப்டினன்ட்’ எழுதத் தெரியாமல் விழித்தவனுக்கு, ‘பொய், நீ, பத்து, எறும்பு’ என்று பெரிய வகுப்பு அண்ணன் ஒருவன் கொடுத்த மந்திரம் இருந்தது. ‘நீ’யை மட்டும் ‘யு’ என்ற ஒற்றை எழுத்தாக வைத்து, ஆங்கிலத்தில் அந்த நாலையும் அடுக்கிப் பாருங்கள், எழுத்துப் பிசகாது. அந்த அண்ணன் எந்த ஆராய்ச்சியும் செய்யவில்லை. பத்தாவதில் இரண்டு முறை உட்கார்ந்தான், அவ்வளவுதான்.

தமிழிலும் அரசு 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் கொண்டுவந்து, தொடக்க வகுப்புப் பிள்ளைகளைப் பாட்டும் ஆட்டமுமாக வாசிக்கவைக்கிறது. நல்லது. எழுத்தின் வடிவத்தில்தான் எங்களுக்குள் சண்டை: நான் எழுதும் ‘லை’யில் இன்னும் யானைத் தும்பிக்கை இருப்பதைப் பார்த்துவிட்டு, ஸ்பெல்லிங் மிஸ்டேக் என்று பேத்தி வட்டம் போடுகிறாள்; 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அதுதான் சரி என்று சொன்னால், கதை விடாதீங்க என்கிறாள்.

ஓசைப்படியே எழுத வேண்டும் என்ற ஆசை அரசாங்கத்துக்கே ஒருமுறை வந்தது. 2020-இல் 1,018 ஊர்களின் பெயரை, தமிழில் சொல்கிறபடியே ஆங்கிலத்திலும் எழுதச் சொல்லி ஆணை வெளியாயிற்று. கோயம்புத்தூருக்குக் கிடைத்த புது எழுத்துகளைப் பார்த்துக் கோயம்புத்தூர்க்காரர்களே பேருந்தில் ஏறத் தயங்கியிருப்பார்கள். சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதனால் போன வாரம் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, பேத்தி பேருந்தின் ஆங்கிலப் பலகையை ஓசை பிரித்து, கடைசி எழுத்து பேசாது என்ற விதியையும் மறக்காமல், ‘ட்ரிப்ளிகேன்’ என்று கச்சிதமாக வாசித்தாள். கைதட்டினேன். பிறகு மேலே இருந்த தமிழ் வரியை, ‘தி, ரு, வ, இல்’ என்று ஒவ்வொன்றாகக் கூட்டிக் ‘கேணி’ வரை வந்தவள் நிமிர்ந்து, “தாத்தா, இந்த பஸ் ரெண்டு ஊருக்கும் போகுமா?” என்றாள். போகும் என்று சொல்லி ஏற்றிவிட்டேன்.