நகம் பதியும் ரப்பர்

1994-ல் தாராவி தொண்ணூறடிச் சாலையில் எனக்குத் தெரிந்த டயர் கடை என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு காற்றடிக்கும் மெஷின், சோப்புத் தண்ணீர் நிறைந்த பாதி டிரம், அவ்வளவுதான். கடைக்காரர் நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி. டயரைக் கொண்டுபோய்ப் போட்டால் முதலில் கோட்டைப் பார்க்க மாட்டார். கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்துவார். நகம் பதிந்து தடம் மெல்ல மறைந்தால், “ஓடும்லே” என்பார். வழுக்கினால், “இது கட்டைலே, தூரப் போடு” என்பார்.

எங்களுடையது அப்பா வாங்கிய புல்லட் 350. முன்னும் பின்னும் ஒரே அளவு, 3.25-19. முன்னால் நெடுகக் கோடு ஓடும் டயர், பின்னால் கட்டம் கட்டமான டயர். அளவு ஒன்றுதானே என்று வீட்டில் ஒரு கணக்கு வைத்திருந்தோம். சுமையைத் தள்ளுவது பின்சக்கரம், ஆகவே புது டயர் அங்கே. மிச்சம் மீதி எதுவோ அது முன்னால். கம்பெனி பார்த்து வாங்கும் காலமும் இல்லை. கடையில் எம்.ஆர்.எஃப். இருந்தால் எம்.ஆர்.எஃப்., சியட் இருந்தால் சியட். ஒன்று 1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக ஆரம்பித்தது. மற்றதற்கு இதோ பாண்டுப்பிலேயே தொழிற்சாலை. முன்னால் மதராஸ், பின்னால் பம்பாய் என்று மாட்டிக்கொண்டு திருநெல்வேலி வரை போய் வந்தவர்கள் எங்கள் சந்திலேயே உண்டு. ஒரு வழிக்கே 1,600 கிலோமீட்டருக்கு மேல்.

அந்த ஆகஸ்டில் நானும் தம்பியும் ஊருக்குக் கிளம்பினோம். சொந்தக்காரர் வீட்டுப் பரணில் பல வருடம் கிடந்த டயர் ஒன்று கிடைத்தது. கோடு அப்படியே புதுசு. அண்ணாச்சி நகத்தை வைத்துப் பார்த்தார், வழுக்கியது. “வேண்டாம்லே” என்றார். நான் கோட்டை நம்பினேன். வேறொரு கடையில் அதை முன்சக்கரத்தில் மாட்டிக்கொண்டேன்.

எக்ஸ்பிரஸ்வே வராத காலம். கோப்போலி தாண்டிக் கண்டாலா ஏற்றத்தில் லாரிகள் அத்தனையும் அதே பாதையில்தான். கொண்டை ஊசி வளைவில் மழைத் தண்ணீர்மேல் டீசல் வானவில்லாய் மிதந்தது. எதிரே லாரி ஒதுங்கி வர, பிரேக்கைத் தொட்டேன். முன்சக்கரம் சோப்பில் கால் வைத்ததுபோல் பக்கவாட்டில் போய்விட்டது. எனக்கு முழங்கால் தோல் போனதோடு சரி. தம்பிக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்றும் மழைக்காலத்தில் அந்தத் தோளை அவன் தேய்த்துக்கொள்ளும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பிறகுதான் புரிந்தது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன்னால் சாய்கிறது. அந்த நேரத்தில் நம்மைத் தாங்குவது முன்சக்கரம் சாலையைத் தொடும் கையகல ரப்பர்தான். பின்சக்கரம் வழுக்கினால் சமாளிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கும். முன்சக்கரம் வழுக்கினால் அந்த நேரம்கூடக் கிடையாது.

இப்போது வீடு செம்பூரில். வண்டி ஹிமாலயன் 411. முன்னால் 90/90-21, பின்னால் 120/90-17. அளவே வேறு, முன்னதைப் பின்னால் மாட்டும் பேச்சுக்கே இடமில்லை. சென்ற ஆண்டு 14,000 கிலோமீட்டரில் பின் டயர் தேய்ந்தது. முன் டயரில் பாதிக்கோடு மிச்சம். கடையில் அதே அளவில் நாலைந்து கம்பெனி, ஒவ்வொன்றிலும் தார்ச்சாலைக்கு ஒன்று, மண்பாதைக்கு ஒன்று. எதை எதோடு சேர்ப்பது?

மாட்டுங்காவில் ஒரு நண்பர், இன்ஜினீயர். கிங்ஸ் சர்க்கிளில் காபி குடித்தபடி அவர் விளக்கினார். கம்பெனி வேறாக இருப்பதைவிட, உள்ளே இருக்கும் கட்டுமானம் வேறாக இருப்பதுதான் ஆபத்து. சாதா டயரில் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக எதிரெதிர்ச் சாய்வில் போகும். ரேடியலில் நூல் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராக ஓடும், மேலே பட்டை சுற்றியிருக்கும். வளைவில் இரண்டும் ஒரே மாதிரி நெளியாது. வண்டி செய்தவரே அப்படிக் கொடுத்திருந்தாலொழிய முன்னால் ஒன்று, பின்னால் மற்றொன்று என்று கலக்கக் கூடாது. பாரக் குறியும் வேகக் குறியும் வண்டிப் புத்தகத்தில் இருப்பதற்குக் கீழே இறங்கக் கூடாது. 64 என்றால் 280 கிலோ, எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர். இந்த வரம்புக்குள் இரண்டு டயரின் கோட்டு வடிவம் கொஞ்சம் மாறினால் பயமில்லை. முன்னும் பின்னும் வேறு வேறு கோடு போட்டுத்தானே புல்லட்டும் வந்தது?

பின் டயருக்குச் சாலைக் கோடு அதிகம் உள்ள சாதா டயரையே முடிவு செய்தேன். பிறகு முன் டயரின் பக்கவாட்டில் குனிந்து, சேற்றைத் துடைத்துப் பார்த்தேன். நீள்வட்டத்துக்குள் நாலு எண்: 3118. அதாவது 2018-ம் ஆண்டின் 31-வது வாரம். ஐந்து ஆண்டு தாண்டினால் வருடம் தவறாமல் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டானால் கோடு எவ்வளவு இருந்தாலும் கழற்ற வேண்டும் என்று டயர் கம்பெனிகள் பலவும் சொல்கின்றன. வெயிலில் நின்றே ரப்பர் இறுகிவிடுகிறது. நகத்தை அழுத்தினேன். பதியவில்லை.

“இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டர் ஓடுமே சார்” என்றார் கடைக்காரர். “இதையும் கழற்றுங்க தம்பி” என்றேன். புது டியூபும் போட்டு, ஓடும் திசை காட்டும் அம்புக்குறியை நானே சரிபார்த்தேன். புது டயரின் வழவழப்புப் போக மூன்று ஞாயிறு பன்வேல் வரை நிதானமாய்ப் போய் வந்தேன்.

நாலாவது வாரம் ஊருக்குக் கிளம்பும்போது தம்பி வந்தான். முப்பது வருடமாய் அவன் என் பின்னால் ஏறியதில்லை. குனிந்து முன் டயரில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினான், விட்டான், தடம் மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தான்.